திருகோணமலையில் கீமோ எடுப்பவர்களுக்கு: விக் (பொய்முடி), முடி எண்ணெய் வாங்குமுன் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் உங்கள் வீட்டில் யாராவது புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், முடிக்காக ஒரு ரூபாய் செலவழிக்குமுன் இதை முழுதாக வாசித்துவிடுங்கள். நீளமான பதிவுதான். எங்களுக்குப் போனது காசு மட்டும் இல்லை என்பதால் சுருக்கி எழுத மனம் வரவில்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், விசாரணை முடியுமுன் பெயரைப் போடுவது சரியில்லை. மணப்பெண் அலங்காரம் செய்யும் ஓர் அழகு நிலையம். கூடவே பேஸ்புக் வழியாக முடி எண்ணெயும் விக்கும் விற்கிறார்கள். பெயரை விட அவர்கள் ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு வேறு பெயரில் வேறு ஒருவர் இதையே செய்யலாம்.

எனக்கு மார்பகப் புற்றுநோய். ஒப்பரேஷன் முடிந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கீமோ தொடங்கியது. கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், வெருகல், வாகரை என்று போகிற பாதை. திரும்பி வரும்போது வாந்திக்கு ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் இருப்பேன். ஆஸ்பத்திரியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மருந்து இலவசம், கவனிப்பும் நல்லது. முதல் நாளே டொக்டர் இருத்தி வைத்துச் சொன்னார்: எல்லாக் கீமோ மருந்துக்கும் முடி கொட்டாது, ஆனால் உங்களுக்குத் தருகிற டொக்ஸோரூபிசினும் சைக்ளோபொஸ்பமைடும் கொட்டவைக்கும் மருந்துகள், இரண்டு மூன்று கிழமையில் தொடங்கும், சிகிச்சை முடிந்த பிறகு திரும்ப முளைக்கும். வேகமாகப் பெருகும் கலங்களைத்தான் இந்த மருந்துகள் தாக்குமாம். புற்றுநோய்க் கலமும் அப்படி, முடி வேரில் உள்ள கலமும் அப்படி.

சொன்னபடியே நடந்தது. தலை வாரினால் சீப்பு நிறைய வந்தது, பிறகு தலையணையில் கிடந்தது. பின்னலை வெட்டி வெள்ளைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். மிச்சத்தைத் தம்பி மெஷினால் வழித்துவிட்டான்.

ஊருக்கு என் வருத்தம் தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். மார்பில் வெட்டியதை யாரும் காணவில்லை, மொட்டையை எல்லோரும் கண்டார்கள். "கதிர்காமத்துக்கு நேர்த்தியோ?" என்று கேட்டவர்கள் நல்லவர்கள். ஒரு சொந்தக்காரி, என் மடியில் ஏற வந்த தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் எனக்குத் தேத்தண்ணி தந்த கிளாஸைத் தனியாக எடுத்து வைத்ததைக் கண்டேன். புற்றுநோய் தொற்றாது. கட்டிப்பிடித்தாலும், ஒரே கோப்பையில் குடித்தாலும், ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. படித்தவர்கள் நிறைந்த ஊரில் இதைச் சொல்லவேண்டி இருக்கிறது. ஒரு கலியாண வீட்டில் முதலில் குத்துவிளக்கு ஏற்றக் கேட்டவர்கள், என்னைப் பார்த்த பிறகு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என் கணவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் மொட்டைத் தலையோடு ஒரு பெண் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாதாம்.

இந்த இடத்தில்தான் அந்தக் கடை எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

முதலில் வந்தது எண்ணெய். என் மாமி, தன் சீட்டுக் காசில் ஒரு போத்தலை 7,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார். பாவம், என் மேல் உள்ள பாசத்தில் செய்தது. "கீமோ எடுக்கிற ஆக்களுக்கெண்டே காய்ச்சினது, பூசினா கெதியா முளைக்கும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். போத்தலில் லேபல் இல்லை. என்ன சேர்த்தது என்று கேட்டால் குடும்ப இரகசியமாம். கற்பூர வாசம் அடித்தது. பூசி அஞ்சு நிமிடத்தில் தலை தீப்பிடித்த மாதிரி எரிந்தது. மாமி போன் எடுத்துக் கேட்க, "எரிஞ்சாத்தான் அம்மா வேலை செய்யுது எண்டு அர்த்தம்" என்று பதில்.

இரண்டாம் கீமோவுக்குப் பிறகு தலையில் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் வந்தன. அப்புறம் காய்ச்சல். கீமோ எடுத்து 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் தோலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் கிருமி உள்ளே போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்கிறார்கள். ஓடினோம். ஏறும் மருந்தோடு வார்ட்டில் படுத்திருந்தேன், அடுத்த கீமோவும் தள்ளிப்போனது. நேர்ஸ் மிஸ் என் தலையைப் பார்த்ததும் "என்ன பூசினீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அவர் அதைக் கேட்டது எனக்கு முன்னால் இன்னும் பலரிடம் கேட்டுப் பழகிய குரலில்.

டொக்டர் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன். மருந்து இரத்தத்தின் வழியே முடி வேருக்குப் போகிறது. தோலுக்கு மேலே எதைப் பூசினாலும் அதைத் தடுக்க முடியாது. மருந்து ஏறும் நேரத்தில் மெஷினால் தலையைக் குளிராக்கும் தொப்பி ஒன்று சில நாடுகளில் இருக்கிறது. அது வேருக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, கொட்டுவதையும் ஓரளவு குறைக்கும். அதுவும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. கடைசிக் கீமோ முடிந்து சில கிழமைகளில் முடி தானாக முளைக்கத் தொடங்கும், மூன்று தொடக்கம் ஆறு மாதத்தில் தலை மூடும். முதலில் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ வரலாம். எண்ணெய் பூசினாலும் அப்படித்தான், பூசாவிட்டாலும் அப்படித்தான்.

இப்போது அவர்கள் பேஸ்புக்கில் போடும் படங்களைத் திரும்பப் பாருங்கள். மொட்டைத் தலை ஒரு படம், முடி வளர்ந்த தலை இன்னொரு படம். தானாக வளர்ந்த முடிக்குத்தான் எண்ணெய் என்று விலை போட்டு விற்கிறார்கள்.

நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி இல்லை. நம்மூர்ப் பல்கலைக்கழக வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்கள் பதிவு செய்யவேண்டும் என்கிறது. பதிவு இலக்கமும் இல்லை, லேபலும் இல்லை, சேர்மானமும் சொல்லமாட்டார்கள் என்றால் அது வைத்தியம் இல்லை. பதிவுள்ள வைத்தியர் தந்த மருந்தென்றாலும் கீமோ நடக்கும் காலத்தில் ஆஸ்பத்திரி டொக்டரிடம் காட்டாமல் பூசவோ குடிக்கவோ வேண்டாம். சில மூலிகைகள் ஈரலில் கீமோ மருந்தோடு முட்டிக்கொள்ளும்.

சரி, விக்குக்கு வருகிறேன். மகளின் சாமத்திய வீடு வந்தது. அவளுக்கு நான் மொட்டையோடு நின்றாலும் ஒன்றுமில்லை, சொந்தக்காரருக்குத்தான் பிரச்சினை. "படம் எல்லாம் காலத்துக்கும் இருக்கும், ஒரு விக்கைப் போட்டுக்கொள்" என்று நாலு பக்கத்தாலும் நெருக்கினார்கள். எண்ணெய் விற்ற இடமும் விக் விற்கும் இடமும் ஒன்றென்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பேஸ்புக்கில் எண்ணெய்க்கு வேறு பெயர்.

அளவு எடுக்கும்போது தேன் ஒழுகக் கதைத்தார்கள். அசல் மனித முடி, இந்தியாவில் இருந்து வருவது, 75,000 ரூபாய், முற்பணம் 50,000. பில் கேட்டேன். "பில்லில பேர் எழுதினா நாலு பேர் பாப்பினம் அக்கா, உங்கட விசயம் எங்களோடயே இருக்கட்டும்" என்று சொல்லி, விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் 50,000 என்று மட்டும் எழுதித் தந்தார்கள். இந்த வசனத்தை மறக்காதீர்கள், திரும்பவும் வருவேன்.

விக் கைக்கு வந்தது விழாவுக்கு முதல் நாள் பின்னேரம். மிச்சக் காசை வாங்கிக்கொண்டுதான் பெட்டியைத் தந்தார்கள். வீட்டில் சொந்தக்காரர் நிறைந்திருந்தார்கள், அதனால் உடனே போட்டுக்கொண்டேன். உள்பக்கம் முழுக்கத் தடித்த பட்டி வரிசைகள். மொட்டைத் தோலில் அவை உராய்ந்த இடமெல்லாம் சிவந்தது. அன்றிரவு பெண்கள் அரியதரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் தாச்சிக்குப் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணி என் நெற்றியைப் பார்த்து வாயைப் பொத்தினார். முன்னுக்கு விழுந்த முடி அடுப்புச் சூட்டில் சுருங்கி, நுனியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது.

தம்பி விக்கிலிருந்து இரண்டு முடி பிடுங்கி நெருப்புக்குச்சியில் காட்டினான். உருகி, சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டியது. விரலால் நசித்தால் உடையவில்லை. பிளாஸ்டிக் எரிந்த மணம். பிறகு அலுமாரியில் இருந்த என் பின்னலில் ஒரு முடி எடுத்து எரித்துப் பார்த்தோம். பொசுங்கி முடி கருகும் அந்த நாற்றம் வந்தது, தொட்டதும் சாம்பலாக உதிர்ந்தது. 75,000 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது நைலோன் சாமான்.

விழாவுக்குச் சேலை நிறத்தில் ஒரு துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றேன். பெரியம்மா முறையான ஒருவர் முகத்தைத் திருப்பினார். மகள் எல்லாப் படத்துக்கும் என்னைத் தனக்குப் பக்கத்தில் நிற்கவைத்தாள்.

அடுத்த கிழமை கணவரோடு கடைக்குப் போனேன். உள்ளே வேறு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். விக்கை மேசையில் வைத்ததும் கடைக்காரப் பெண் குரலை உயர்த்தினார்: "இது கான்சர்காரர் தலையில வச்ச சாமான். திருப்பி எடுத்து நான் வேற ஆருக்குக் குடுக்கிறது?" கதிரைகளில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழும்பித் தள்ளிப் போய் இருந்தார். கணவர் பேச வாயெடுக்க, "கத்துங்கோ அண்ணை, ரோட்டில போற எல்லாருக்கும் உங்கட மனிசிக்கு என்ன வருத்தமெண்டு தெரியட்டும்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கியது அப்போதுதான். பில் தராதது என் மானத்தைக் காப்பாற்ற இல்லை. மறைக்க நினைக்கிறவர்களுக்கு விற்றால் அவர்கள் முறைப்பாடு செய்ய வரமாட்டார்கள், வந்தாலும் ஒரு சத்தத்தில் திரும்பிப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் இருந்த தம்பலகாமத்து அக்கா ஒருவர், தனக்கும் இதே மாதிரி நடந்தது, வீட்டுக்காரருக்குக் கூடச் சொல்லவில்லை என்று என் காதுக்குள் சொன்னார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே, கீமோ எடுக்கும் எல்லோருக்கும் நடுவில் இருந்துகொண்டே, காதுக்குள்தான் சொல்ல முடிந்தது அவரால்.

அதனால்தான் என் சொந்த முகத்தோடு எழுதுகிறேன். எனக்கு வந்தது ஒரு நோய். ஒளித்துவைக்க இதில் ஒன்றும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: நீங்கள் இப்படி நடக்காவிட்டால் எங்களில் பாதிப் பேர் அந்தக் கடை வாசலையே மிதித்திருக்க மாட்டோம்.

விக் போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள், அது உங்கள் விருப்பம். செயற்கை முடியிலும் நல்ல விக் இருக்கிறது, விலையும் குறைவு, பராமரிப்பும் லேசு. செயற்கை என்று சொல்லி நியாய விலைக்கு விற்றால் அதில் பிழை இல்லை. ஆனால் அடுப்புக்குக் கிட்டப் போகக்கூடாது. மனித முடி என்று விலை சொன்னால், கடையிலேயே ஒரு முடி எரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். உள்பக்கத்தைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள், வழித்த தலைக்கு மெல்லிய வலையும் பருத்தியும்தான் தோதுப்படும். பில்லில் 'மனித முடி' என்ற சொல்லும் விலையும் திகதியும் கட்டாயம் இருக்கவேண்டும். பெயர் போட விருப்பம் இல்லாவிட்டால் விடுங்கள், பில்லை மட்டும் விடாதீர்கள். வட்ஸ்அப் உரையாடல்களை அழிக்கவேண்டாம். என் முறைப்பாட்டுக்கு உதவியது அவர்கள் அனுப்பிய ஒரு குரல் பதிவுதான். "அசல் மனித முடி" என்று அதில் அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது வேறொன்று. கூடப் படிப்பிக்கும் கிண்ணியா டீச்சர், தாங்கள் பர்தாவுக்கு உள்ளே போடும் பருத்தித் தொப்பிகள் கொஞ்சம் வாங்கி வந்து தந்தார். தையல் உறுத்தாது, வியர்வையை உறிஞ்சும், துவைத்துக் காயப்போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதற்கு மேல் ஒரு மெல்லிய சால்வையைச் சுற்றிக் கட்ட அவரே பழக்கினார். நம்மூர் வெயிலுக்கு விக்கை விட அது ஆயிரம் மடங்கு சுகம். மொட்டைத் தோல் வெயிலில் சட்டென்று கருகும், வெறுந்தலையோடு வெளியே போகவேண்டாம். தலைக்குக் காரமில்லாத பேபி ஷாம்பூ போதும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கவனியுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். அந்தக் காலம் கீமோவிலேயே ஓடிவிடும், நாளைத் தவறவிடாதீர்கள். உடம்பு முடியாவிட்டால் வீட்டில் உள்ளவரைக் கொண்டு எழுதுவியுங்கள். எண்ணெய்ப் போத்தலில் மிச்சம் இருந்தால் ஊற்றவேண்டாம், அப்படியே மூடி வையுங்கள்.

எனக்கு விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை, வந்ததும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி லேபல் இல்லாத போத்தலோ, கார்டின் பின்னால் தொகை எழுதிய விக்கோ யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் எனக்கு எழுதுங்கள். பெயரை வெளியே விடமாட்டேன். தனியாகப் போய் முறைப்பாடு கொடுக்கக் கூச்சமாக இருந்தால், கீமோ இல்லாத கிழமையில் நானும் கூட வருகிறேன்.