காரில் கைத்துப்பாக்கி: டெக்சாஸ் விதியும் கலிஃபோர்னியா விதியும்

டெக்சாஸின் எல் பாசோவையும் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸையும் ஐ-10 என்ற ஒரே நெடுஞ்சாலை இணைக்கிறது. சட்டம் மட்டும் தலைகீழ்.

டெக்சாஸில் 2007 முதல் சொந்தக் காரில் கைத்துப்பாக்கியை மறைவாக வைத்திருக்க உரிமம் தேவையில்லை, தோட்டா நிரப்பியிருக்கலாம். துப்பாக்கி வைத்திருக்கவே சட்டத் தடை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. வெளியே தெரிந்தால், 2021 திருத்தப்படி, வைத்திருப்பவர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், துப்பாக்கியும் உறைக்குள் இருக்க வேண்டும். இருக்கையில் வெறுமனே கிடந்தால் குற்றம்.

கலிஃபோர்னியாவில் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் இல்லாதவர் தோட்டாவை நீக்கி, டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ வைக்க வேண்டும். பலர் சறுக்குவது டேஷ்போர்டு அறையில்: பூட்டியிருந்தாலும் சட்டம் அதைப் பெட்டியாக ஏற்காது. சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) காலியாக இருந்தாலும், தோட்டாவுள்ள மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும், கழற்றக்கூடிய உறை) மாட்டியிருந்தால் அது 'நிரப்பிய' துப்பாக்கிதான். காலிசெய்யும்போது முதலில் மேகசினைக் கழற்றி, பிறகுதான் ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்புறம் பின்னோக்கி நகரும் பகுதி) இழுக்க வேண்டும். வரிசை மாறினால் அடுத்த தோட்டா சேம்பரில் ஏறி உட்கார்ந்துவிடும். கையில் இருப்பதோ 'காலி' என்று நம்பும் துப்பாக்கி!

ஆளில்லாமல் நிறுத்திய காரிலும் பூட்டு கட்டாயம் என்று கலிஃபோர்னியா 2017 முதல் சொல்கிறது. கார்க் கண்ணாடியை உடைப்பவனுக்குத் துப்பாக்கி எளிதில் சிக்காமலிருக்க இதுவே உருப்படியான பகுதி. டெக்சாஸ் இதை உரிமையாளரின் பொறுப்புணர்ச்சிக்கு விட்டுவிட்டது.