பிசியோ கிளினிக்கில் தொலைக் கண்காணிப்பு: மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்

நியூ ஜெர்ஸியில் எங்களுடையது சின்ன பிசியோதெரபி கிளினிக். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்கள், தோள்பட்டைத் தசைநார் தைத்துக்கொண்டு வருகிறவர்கள், முதுகுவலிக்காரர்கள், பெரும்பாலும் இவர்கள்தான். 2022 கடைசியில், நோயாளி வீட்டில் செய்கிற பயிற்சியையும் வலியையும் போன் வழியாக நமக்குக் காட்டும் ஒரு தொலைக் கண்காணிப்பு ஆப் வாங்கினோம், இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று மற்ற பிசியோக்கள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்த ஆப் வாங்கினாலும் நம்மை ஆட்டிவைப்பது மெடிகேர், அதாவது முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸின் விதிதான்.

அந்த விதியில் பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை மாதிரி உடல் அளவுகளைக் கருவியே நேராக அனுப்பிவைப்பது ஆர்பிஎம் (ரிமோட் பிசியாலஜிக் மானிட்டரிங்). அதற்கு பில் போடும் குறியீடுகள் டாக்டர்களுக்கான வகையைச் சேர்ந்தவை, பிசியோதெரபிஸ்ட் அதில் பில் போட முடியாது. நமக்கு வந்தது ஆர்டிஎம் (ரிமோட் தெரப்யூட்டிக் மானிட்டரிங்), 2022 ஜனவரி 1 முதல். இதில் பயிற்சி செய்தாரா, வலி எவ்வளவு என்பதை நோயாளியே போனில் பதிந்தால் போதும். ஆனால் அந்த ஆப், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ சொல்லும் மருத்துவக் கருவி என்ற இலக்கணத்துக்குள் வர வேண்டும். யூடியூப் வீடியோ அனுப்பிவிட்டு ஒரு கூகுள் ஃபார்ம் நிரப்பச் சொன்னால் பில் போட முடியாது.

குறியீடுகள் இப்படி. ஆப்பைப் போட்டுக்கொடுத்துச் சொல்லித்தருவதற்கு 98975. எலும்பு, மூட்டு, தசை தொடர்பான கருவிக்கு 30 நாளுக்கு ஒரு முறை 98977. வந்த தகவலைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றி அமைக்கும் வேலைக்கு, மாதத்தில் முதல் 20 நிமிடம் ஆனால் 98980, அதற்கு மேல் இன்னொரு 20 நிமிடத்துக்கு 98981. அந்த 20 நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது நோயாளியிடமோ வீட்டில் பார்த்துக்கொள்கிறவரிடமோ நேரடியாகப் பேசியிருக்க வேண்டும். மெசேஜ் கணக்கில் வராது.

இதெல்லாம் சரி. சிக்கல் 98977-இல் இருந்தது: 30 நாளில் குறைந்தது 16 நாள் தகவல் வந்திருக்க வேண்டும். 15 நாள் வந்தால் அப்போது பைசா கிடையாது. விற்க வந்தவர் போட்டுக்காட்டிய கணக்கில் எல்லா நோயாளியும் மாதா மாதம் 16-ஐத் தாண்டியிருந்தார்கள். நிஜத்தில் யார் தாண்டுகிறார்கள் தெரியுமா? ஏற்கெனவே ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர்கள். நன்றாகத் தேறி கோல்ஃப் ஆடக் கிளம்பிவிட்டவர் ஆப்பைத் திறப்பதில்லை. வலியில் துவண்டு படுத்திருப்பவரும் திறப்பதில்லை. முதல் ஆளைப் பற்றிக் கவலை இல்லை, இரண்டாவது ஆளைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் 13-ஆம் நாளில் நிற்கிறவருக்குப் போன் போட்டு "இன்னும் மூணு நாள் மட்டும் பதிஞ்சிடுங்க" என்று கேட்பதில்தான் காசு இருந்தது. முன்மேசையில் இருந்தவர்கள் இயல்பாகவே அந்தப் பக்கம் சாயத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆப்பின் முதல் திரையே நாள் எண்ணிக்கையைத்தான் பெரிய எழுத்தில் காட்டியது. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்க மூன்று தடவை உள்ளே போக வேண்டும்.

அப்புறம் நான் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தேன். நாள் கணக்குக்காக யாருக்கும் போன் போகக் கூடாது. போன் போட்டால் முதல் கேள்வி "எது செய்ய முடியலை?" என்றுதான் இருக்க வேண்டும். வருமானம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஆப் உபயோகப்பட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

நோயாளி வாரத்தில் மூன்று மணி நேரம் நம் கண்ணெதிரே இருக்கிறார். மீதி 165 மணி நேரம் என்ன நடக்கிறது என்று முன்பெல்லாம் அவர் சொல்வதை வைத்துத்தான் தெரியும். "வீட்டுல செஞ்சீங்களா?" என்றால் அமெரிக்கரானாலும் தமிழரானாலும் ஒரே பதில்தான்: செய்தேன். ஆப்பில் நேரம் பதிவாகிறது. எட்டுப் பயிற்சியும் இரவு பதினொன்றரைக்கு ஒரே நிமிடத்துக்குள் டிக் ஆகியிருந்தால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதை வைத்து யாரையும் கேள்வி கேட்பதில்லை. எட்டை மூன்றாகக் குறைத்துவிடுவேன். பெரும்பாலும் அதற்குப் பிறகு டிக் காலையிலும் மாலையிலும் தனித்தனியாக விழும்.

நான் எதிர்பார்க்காதது இதற்கு நேர் எதிரான ஆட்களை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், முழங்கால் மாற்றி மூன்றாவது வாரம். நாங்கள் நாளைக்கு இரண்டு தடவை சொன்னதை அவர் ஐந்து தடவை செய்துகொண்டிருந்தார். நேரில் வந்தபோதெல்லாம் "ஐ ஆம் டூயிங் கிரேட்" என்பார். ஆப்பில் அவருடைய இரவு வலி 3, 4, 6, 7 என்று ஏறிக்கொண்டே போனது, மடக்கும் கோணமோ 95-லிருந்து 88-க்கு இறங்கியிருந்தது. அளவுக்கு மீறிச் செய்தால் மூட்டு வீங்கும், வீங்கினால் தொடையின் முன்பக்கத் தசை ஒழுங்காக வேலை செய்யாது, கால் இன்னும் விறைக்கும். அவர் விறைக்கிறதே என்று இன்னும் அதிகமாகச் செய்வார். அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் அன்றே கூப்பிட்டு, இரண்டு நாள் காலை உயர்த்தி வைத்து ஐஸ் வைக்கச் சொல்லி, பயிற்சியைப் பாதியாக்கினோம். அந்த வாரக் கடைசியில் கோணம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சோம்பேறிகளைப் பிடிக்க வாங்கியதில் சுறுசுறுப்பானவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்!

இனி கேமரா. எங்கள் ஆப்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன் பயிற்சி செய்தால், உடம்பின் மேல் குச்சி குச்சியாகக் கோடு போட்டுக் கோணத்தை அளக்கும். விளம்பரத்தில் உடம்போடு ஒட்டிய உடை போட்ட ஒரு பெண் விசாலமான கூடத்தில் நிற்பார். எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்களும் குஜராத்திக் குடும்பங்களும் நிறைய. (பெற்றோர் கிரீன் கார்டோடு ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்து, 65 வயதும் தாண்டியிருந்தால், பிரீமியம் கட்டி மெடிகேர் வாங்கலாம். விசிட்டர் விசாவில் வருகிற பெற்றோருக்கு அந்த வழி கிடையாது.) அப்படி ஒரு அம்மா, வலது முழங்கால் மாற்றியிருந்தார். வீட்டில் எப்போதும் நைட்டி. நைட்டிக்குள் முழங்கால் எங்கே இருக்கிறது என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்? கிளினிக்கில் நான் மூட்டுக் கோணம் அளக்கும் கோனியோமீட்டர் வைத்து அளந்தால் 98 டிகிரி, ஆப்பில் 60. அவர் மகன் போனை அரிசி டப்பா மேல் வைத்தும், ஜன்னல் விளிம்பில் வைத்தும் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "தயவுசெய்து பின்னால் செல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் குரல். பின்னால் கட்டில்.

"தம்பி, அது என்னைச் சுவத்துக்குள்ள போகச் சொல்லுதுப்பா" என்றார். பேண்ட் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இந்த வயசுல அது ஒண்ணுதான் குறைச்சல்."

கேமராவை அணைத்துவிட்டு, மாட்டிக்கொள்ளும் சென்சார் கொடுத்தோம். தொடையில் ஒன்று, கெண்டைக்காலில் ஒன்று, நைட்டிக்கு உள்ளேயே பட்டையால் ஒட்டிக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் வீக்கம் இருக்கும்போது பட்டை இறுக்குகிறது, அதனால் அதற்கு அப்புறம்தான் தருகிறோம். தொடைப் பட்டை நடக்க நடக்க நழுவும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேமரா அளவை இப்போது தோள்பட்டைக்கு மட்டும் நம்புகிறேன், அதுவும் கையில்லாத பனியன் போட்டால். முழங்கால் முழுசாக நீள்கிறதா என்பதைக் கையால் அளந்தால்தான் எனக்குத் திருப்தி. கடைசி ஐந்து டிகிரி நீளாவிட்டால் நொண்டல் நிற்காது. கேமராவின் பிழையே அந்த ஐந்து டிகிரிக்கு மேல் இருக்கிறது.

எச்சரிக்கை மணி பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கியபோது வலி 5-ஐத் தொட்டாலே சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி அமைத்துக் கொடுத்திருந்தார்கள். மூட்டு மாற்றி முதல் வாரத்தில் 5 இல்லாதவர் யார்? காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. எல்லாமே சிவப்பாக இருந்தால் எதையும் யாரும் பார்ப்பதில்லை. இப்போது ஆளுக்கு ஆள் வரம்பு மாற்றுகிறோம். வலியின் அளவைவிட மாற்றத்தைத்தான் பார்க்கிறோம்: இரண்டு நாளில் 2 புள்ளி ஏறினால் விளக்கு எரியும்.

இதைவிடப் பெரிய கேள்வி, விளக்கு எரியும்போது யார் பார்க்கிறார்கள் என்பது. ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஒருவர், அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்கூட ஆகாதவர், "கெண்டைக்கால் வலிக்கிறது, சூடாக இருக்கிறது" என்று ஆப்பில் எழுதியிருந்தார். ரத்தக் கட்டாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாத விஷயம். நாங்கள் திங்கள் காலைதான் பார்க்கிறோம். நல்லவேளை, சர்ஜன் கொடுத்த தாளில் இருந்ததைப் படித்துவிட்டு அவர் மனைவி அன்றே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போயிருந்தார், ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒப்புதல் படிவத்தின் முதல் வரியாக, பெரிய எழுத்தில், இந்த ஆப்பை இரவிலும் வாரக் கடைசியிலும் யாரும் பார்ப்பதில்லை, அவசரம் என்றால் 911 என்று போட்டோம். வாயாலும் சொல்கிறோம், திருப்பிச் சொல்லவும் வைக்கிறோம். கண்காணிப்பு என்ற பெயரே ஒரு பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது.

படிவத்தில் இரண்டாவது வரி காசு. மெடிகேரில் வெளிநோயாளி சிகிச்சைக்கான பார்ட் பி-யில் 20 சதவீதம் நோயாளியின் பங்கு. 98977-க்கு 2022-இல் 50 டாலரைத் தாண்டி இருந்த தொகை பிறகு நாற்பதுகளுக்கு இறங்கியது. அதில் நோயாளி பங்கு எட்டு ஒன்பது டாலர், போன் பேசியதற்குத் தனியாக அதே அளவு. சின்னத் தொகைதான். ஆனால் கிளினிக்குக்கே வராத தேதிக்கு பில் வந்தால் யாருக்கும் கோபம் வரும். ஒரு பாட்டி பில்லை நாலாக மடித்து எடுத்துவந்து மேசையில் வைத்து, "என் போன், என் வீடு, என் கால். எதுக்குக் காசு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பங்கைக் கட்டும் மெடிகேப் என்ற துணை இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லை. மற்றவர்களிடம் தொகையை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம், வேண்டாம் என்றால் பழைய மாதிரி அச்சடித்த தாள். தாளை வாங்கிப் போகிறவர்கள் இன்னும் நிறைய.

முதுகுவலி பல வருடமாக இருப்பவர்களுக்கு இதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். தினமும் காலையில் "இன்று வலி எத்தனை?" என்று ஒரு மணி அடித்தால், மறந்திருந்தவருக்கும் நினைவு வந்துவிடுகிறது. அவர்களிடம் நான் மூன்று மாதம் பாடுபட்டுச் சொல்வது வலியை எண்ணாதீர்கள், நடந்த தூரத்தை எண்ணுங்கள் என்று. ஆப் அதற்கு எதிராக வேலை செய்கிறது. கேள்வியை மாற்ற முடியுமா என்று கம்பெனியிடம் கேட்டேன். அடுத்த வெர்ஷனில் வரும் என்றார்கள், பல வெர்ஷன் வந்துவிட்டது.

மருத்துவப் பதிவு மென்பொருளோடு இணையும் என்று சொன்னதும் அதே கதைதான். இணைகிறது என்றால், பிடிஎஃப் ஒன்று வந்து விழுகிறது. எண்களை நாங்கள்தான் பார்த்துத் தட்டச்சு செய்கிறோம். எத்தனை நிமிடம் என்ன வேலை செய்தோம் என்ற பதிவு மட்டும் ஒழுங்காக வருகிறது. தணிக்கை வந்தால் அதுதான் காப்பாற்றும் என்பதால் பொறுத்துக்கொள்கிறோம். தமிழ் நோயாளிகள் "வாட்ஸ்அப்பில் அனுப்புறேனே" என்பார்கள். எனக்கும் அதுதான் சுலபம். ஆனால் நோயாளி தகவலின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி, அந்தத் தகவலைக் கையாளும் கம்பெனியோடு தனி ஒப்பந்தம் வேண்டும், வாட்ஸ்அப்போடு நமக்கு அது கிடையாது.

2026 ஜனவரி முதல் விதி தளர்ந்திருக்கிறது. 2 முதல் 15 நாள் வரை தகவல் வந்தாலும் பில் போட 98985 என்று தனிக் குறியீடு, 10 நிமிட வேலைக்கு 98979. எனக்கு இது பெரிய நிம்மதி. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரம் மட்டும் ஒருவரை நெருக்கமாகக் கவனித்துவிட்டு விட்டுவிடலாம், 16 வரை இழுக்க வேண்டியதில்லை. தனியார் இன்ஷூரன்ஸில் ஒரு பிளான் கொடுக்கும், இன்னொன்று கொடுக்காது. ஆளுக்கு ஆள் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

ஊரில் என்னோடு படித்த நண்பர்கள், மதுரையிலும் கோவையிலும் கிளினிக் வைத்திருப்பவர்கள், வாங்கலாமா என்கிறார்கள். அங்கே இந்தக் காசை இன்ஷூரன்ஸ் கொடுக்கப் போவதில்லை, நோயாளி கையிலிருந்துதான் வர வேண்டும். ஆப் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போன், கேட்க நாலு கேள்வி என்று ஒரு நோட்டுப் போடுங்கள் என்பதுதான் என் பதில். எங்களுக்குக் கிடைத்த பலனில் பெரும்பகுதி போனில் பேசியதில் வந்தது.

ஆப் கம்பெனியோடு எங்கள் ஒப்பந்தம் சீக்கிரம் புதுப்பிக்க வருகிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வரி ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது, தேதிக்கு 60 நாள் முன்னால் எழுதிக் கொடுக்காவிட்டால் இன்னொரு வருடம். இந்தத் தடவை மூன்று கேட்கப் போகிறேன்: உபயோகிக்கிற நோயாளிக்கு மட்டும் கட்டணம், தகவலைப் பிடிஎஃப் இல்லாமல் எக்செல்லில், அந்த "பின்னால் செல்லுங்கள்" குரல் தமிழிலும் குஜராத்தியிலும். முதல் இரண்டும் கிடைத்தால் கையெழுத்துப் போடுவேன்.