சோடியா, வரிசையா? பேசாத பிள்ளையின் விருப்பத்தை அறிய இரு முறைகள்

அம்மா சொல்வதை வைத்துப் பொருட்களைத் தெரிவு செய்யலாம். முடிவைச் சொல்ல வேண்டியது பிள்ளையின் கை.

சோடி முறையை 1992இல் ஃபிஷர் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்டனர். இரண்டு பொருட்களைச் சம தூரத்தில் வைத்து, "ஒன்றை எடு" என்று சொல்லி 5 வினாடி பொறுக்க வேண்டும். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுடனும் சோடி சேர வேண்டும்: 6 பொருளுக்கு 15 சோடி, 8க்கு 28. எடுத்த தடவையை வைத்த தடவையால் வகுத்தால் எது அதிகம் பிடிக்கும் என்ற ஒழுங்கு கிடைக்கும். நேரம் இழுக்கும், ஆனால் பல பொருட்களின் மேல் பார்வையை ஓட்ட முடியாத பிள்ளைக்கு இதுவே பொருந்தும்.

டிலியோன், இவாட்டா 1996இல் தந்த வரிசை முறையில் ஏழு பொருட்களை ஒன்றாகப் பரப்பி, எடுத்ததை விலக்கி, இடது ஓரத்துப் பொருளை வலது ஓரத்துக்கு மாற்றி, மீண்டும் கேட்கிறோம். நேரம் குறைவு, லயத்து வாசலிலேயே முடிக்கலாம். ஆனால் விளையாட்டுப் பொருளைத் திரும்ப வாங்கும்போது அழும் பிள்ளைக்குச் சோடியும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். எல்லாவற்றையும் எட்டும் இடத்தில் வைத்து, எதையும் திரும்ப வாங்காமல், எதை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

எப்போதும் வலப்பக்கத்தையே எடுத்தால் அது விருப்பமல்ல, பழக்கம். பக்கத்தை மாற்றி வையுங்கள். ரொட்டியும் தேத்தண்ணியும் முடிந்த கையோடு பிஸ்கட்டைச் சோதித்தால் பிஸ்கட் தோற்கும். பிஸ்கட்டையும் பந்தையும் ஒரே வரிசையில் வைத்தாலோ பெரும்பாலும் பந்து தோற்கும். தனித்தனியாகச் சோதியுங்கள், சில வாரங்களில் மறுபடியும்.