பாரில் போடும் ஈயக்குண்டு: வீட்டு வார்ப்பும் அலுமினிய அச்சும்

கடலடிப் பாறை நிறைந்த பார்ப்பக்கம் தூண்டில் போட்டால், அதை அமிழ்த்தும் ஈயக்குண்டு நிலைக்காது. உவரி, கூடுதாழை, இடிந்தகரை, எந்தக் கரையானாலும் கல்லிடுக்கில் குண்டு மாட்டினால் அறுத்துவிட வேண்டியதுதான். அதனால் வீட்டில் வார்ப்பது கட்டுப்படியாகும். இரண்டு பாதியாகத் திறக்கும் அலுமினிய அச்சு, அடிகனத்த இரும்புச் சட்டி, நீளக் காம்புள்ள இரும்புக் கரண்டி, இவ்வளவுதான் சாமான். அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம். சூட்டில் இளகி அடி விட்டுவிடும்.

அச்சு வருடக்கணக்கில் உழைக்கும், அதன் குணம் பிடிபட வேண்டும். முதல் சில குண்டுகள் சுருக்கம் விழுந்து, பாதி நிரம்பாமல் வரும். ஈயத்தின் மேல் தப்பில்லை, அச்சு ஆறிக் கிடக்கிறது. ஈயம் 327 டிகிரியில் உருகும். வார்க்க 370 முதல் 400 வரை வேண்டும். அச்சைச் சட்டி விளிம்பில் வைத்துக் காயவிட்டு, முதல் நாலைந்து வார்ப்பைத் திரும்பவும் சட்டியில் போடுங்கள். பிறகு குண்டு பளிச்சென்று விழும். பனி படர்ந்தாற்போல் மங்கினால் அச்சு அதிகம் காய்ந்துவிட்டது. கொஞ்சநேரம் திறந்து வைத்தால் போதும், தண்ணீரில் முக்கக் கூடாது. ஆடிக் காற்றில் அச்சு சட்டென்று ஆறிவிடும், ஓலைத் தட்டி மறைப்பு அவசியம்.

அதிகம் பேர் செய்யும் தப்பு, குழிக்குள் எண்ணெய் தடவுவது. எண்ணெய் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் குண்டில் ஓட்டை ஓட்டையாக நின்றுவிடும். குழிக்கு மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரி ஒரு பூச்சு போதும். கீல் ஆணிக்குப் பென்சில் கரியைப் பொடித்துத் தேயுங்கள். எண்ணெய்போல் குழிக்குள் வழியாது. கீல் தேய்ந்த அச்சில் பாதிகள் பொருந்தாமல் குண்டின் இடுப்பில் மெல்லிய தகடு பிதுங்கும். அது தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பை) அறுக்கும். கத்தியால் சீவிவிடுங்கள், அரம் போட்டால் ஈயப்பொடி பறக்கும்.

உறையும்போது ஈயம் 3.5 சதவீதம் அளவு சுருங்கும். ஆகவே வாய் நிரம்பி மேலே குமிழாக நிற்கும்வரை ஊற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளே பொந்து விழும். 100 கிராம் குண்டுக்கு 9 மில்லிக்குச் சற்றுக் குறைந்த குழி சரியாக வரும். நூல் கட்டும் கண்ணிக்குப் பித்தளைக் கம்பி நல்லது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

டயர்க் கடை எடைத்துண்டில் நாகமும் (துத்தநாகமும்) கலந்திருக்கும். கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள்: ஈயத்தில் தடம் பதியும், நாகத்தில் வழுக்கும். நாகம் உருகுவது 419 டிகிரியில். சட்டியை அதிகம் காய்ச்சாவிட்டால் மிதக்கும், அள்ளிவிடலாம். கரைந்துவிட்டால் ஈயம் கூழாகி அச்சை நிரப்பாது. பழைய பேட்டரித் தகடுகளைத் தொடவே வேண்டாம். அமிலமும் நச்சுவாயுவும் ஆளை முடித்துவிடும்.

உருகியதும் பட்டாணி அளவு மெழுகு போட்டுக் கிளறினால் கசடு மேலே திரளும். மெழுகு பற்றி எரியும், முகத்தை விலக்குங்கள். கரையில் பொறுக்கிய ஈயத்தை நன்றாகக் காயவைக்காமல் உருகிய சட்டியில் போட்டால், ஒரு சொட்டு ஈரம் ஆவியாக வெடித்து ஈயத்தை முகத்தில் தெளிக்கும். சிமெண்டுத் தரையும் ஈரம் குடித்திருக்கும். காய்ந்த தேரி மணலைப் பரப்பி அதன்மேல் வார்ப்பு வேலையைச் செய்யுங்கள். திறந்தவெளி, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தோல் கையுறை. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் கிட்டே வரக் கூடாது. கசடுத் தூசிதான் பெரிய விஷம், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வாயில் எதுவும் வைக்காதீர்கள். அந்தச் சட்டி இனி அடுப்படிக்குப் போகாது.

குண்டைக் கட்டும் நூல், தங்கூசியைவிட மெலிதாக இருக்கட்டும். கல்லில் மாட்டினால் குண்டு மட்டும் போகும், மீனும் தூண்டில் முள்ளும் கைக்கு வரும்.