இணையத்தில் போட்டால் போதுமா, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா?

அணுஉலைக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு உலையைப் பற்றிய செய்தி எப்படிப் போய்ச் சேர வேண்டும்? இதற்கு அமெரிக்கா ஒரு பதில் வைத்திருக்கிறது, பிரான்ஸ் வேறொன்று. இரண்டில் எது கூடங்குளத்துக்குப் பொருந்தும் என்று கேட்டால், என் ஓட்டு பிரான்ஸுக்குத்தான்.

அமெரிக்காவின் வழி, கையில் இருப்பதையெல்லாம் வெளியில் வைத்துவிடுவது. உலையில் கோளாறு ஏற்பட்டால், அதன் தன்மையைப் பொறுத்து ஒரு மணி, நான்கு மணி அல்லது எட்டு மணி நேரத்துக்குள் நிறுவனம் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனில் சொல்லியாக வேண்டும். அந்தத் தகவல் பெரும்பாலும் அடுத்த வேலைநாளே ஆணையத்தின் இணையதளத்தில் வந்துவிடும். ஆய்வு அறிக்கைகளும் கடிதப் போக்குவரத்தும் அங்கேயே கிடைக்கும். 2011இல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணுஉலை விபத்து நடந்த நேரத்தில் ஆணையத்தின் அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட தொலைபேசி உரையாடல்களைக்கூடப் பின்னர் எழுத்தில் வெளியிட்டார்கள். தாங்கள் தடுமாறியதையும் சேர்த்து வெளியிட ஒரு அரசு அமைப்புக்குத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் மினசோட்டா மாநிலத்தின் மான்டிசெல்லோவில் நடந்ததைப் பாருங்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த உலையில், 2022 நவம்பரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த தண்ணீர் கசிவது தெரிந்தது. அளவு சுமார் 15 லட்சம் லிட்டர். நிறுவனம் ஆணையத்துக்கும் மாநில அரசுக்கும் உடனே சொன்னது. ஆணையமும் வழக்கம்போல அதே மாதம் இணையதளத்தில் போட்டுவிட்டது. சட்டப்படி எல்லாம் சரி. ஊர்மக்களுக்கு நிறுவனம் அறிவித்தது 2023 மார்ச்சில்! கசிவு உலை வளாகத்தைத் தாண்டவில்லை, ஆபத்தில்லை என்றார்கள். ஊர்க்காரர்களின் ஆத்திரம் நான்கு மாதம் யாரும் வாய்திறக்காமல் இருந்ததைப் பற்றியது. கண்ணுக்கெதிரே இணையத்தில் கிடந்த தகவலை யாரும் பார்க்கவில்லை. யார் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

பிரான்ஸ் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஒவ்வொரு அணுமின் நிலையத்துக்கும் ஒரு உள்ளூர்த் தகவல் குழு உண்டு. 2006இல் வந்த வெளிப்படைத்தன்மைச் சட்டம் அதற்குச் சட்ட வலு கொடுத்தது. உறுப்பினர்களில் பாதிப் பேராவது மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். மீதி சுற்றுச்சூழல் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், நிபுணர்கள். உலை நடத்தும் நிறுவனமும் ஒழுங்குமுறை அமைப்பும் கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லும், ஆனால் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. குழு ஆவணம் கேட்டால் நிறுவனம் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு கூட்டமாவது பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். குழுவில் இல்லாத சாதாரண ஆளும் கதிர்வீச்சு அபாயம் பற்றி நேரடியாக நிறுவனத்திடமே கேட்கலாம்.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. உலை நிறுவனம் செலுத்தும் வரியில் ஓடுகிற ஊரின் மேயர் எவ்வளவு தூரம் கறாராகக் கேள்வி கேட்பார் என்ற சந்தேகம் நியாயமானது. இருந்தாலும் மான்டிசெல்லோ போன்ற ஒரு கசிவை நான்கு மாதம் பேசாமல் வைத்திருப்பது, கேள்வி கேட்கவே ஒரு குழு உட்கார்ந்திருக்கும் ஊரில் கஷ்டம்.

சரி, நம் பக்கம் வருவோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆண்டறிக்கை போடுகிறது, பாதுகாப்பு விதிகளை வெளியிடுகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் சிக்கலான நேரத்தில் என்ன நடக்கிறது? கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தரச்சொல்லி 2012இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. இந்திய அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. 2019 அக்டோபர் 29 அன்று, கட்டுப்பாட்டு அமைப்பு மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று கூடங்குளத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் தீநிரல் (மால்வேர்) இருந்தது உண்மைதான் என்று கழகம் ஒப்புக்கொண்டது. கழகத்துக்கு அந்தத் தகவல் வந்தது செப்டம்பர் 4இலேயே! உலையின் கட்டுப்பாட்டுக்கும் அந்தக் கணினிக்கும் தொடர்பில்லை என்பது சரியாகவே இருக்கலாம். அதை செப்டம்பரிலேயே சொல்லியிருந்தால் அக்டோபரில் மறுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

அவசரகாலத் திட்டத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை. அதற்கு வேறொரு மத்திய அமைப்பு மதிப்பெண் போடுகிறது, அந்த அறிக்கையும் பொதுவில் வருகிறது. பிரான்ஸில் திட்ட எல்லையை 10 கி.மீ.யிலிருந்து 20 ஆக்கியபோது, புதிதாகச் சேர்ந்த சுமார் 22 லட்சம் பேருக்கு, கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரையை மருந்துக்கடையில் பெற்றுக்கொள்ளச் சொல்லிக் கடிதம் போட்டார்கள். கூடங்குளத்துக்காக 2012 ஜூனில் நக்கனேரியில் ஒத்திகை நடந்தபோது, போராட்டக்காரர்கள் அதைக் கண்துடைப்பு என்றார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல, படித்துப் பார்க்கும்படியான ஒரு மதிப்பீடு ஊர்க்காரர் கையில் இருந்திருக்க வேண்டும்.

ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபுகுஷிமா விபத்தின்போது கதிர்வீச்சு எந்தத் திசையில் போகும் என்ற கணினிக் கணிப்பு அரசிடம் இருந்தும், உலைக்குப் பக்கத்திலிருந்த நமியே ஊர் மக்களுக்கு அது சொல்லப்படவில்லை. அவர்கள் தப்பி ஓடிய வடமேற்குத் திசையில்தான் கதிர்வீச்சும் போனது. அதற்குப் பிறகுதான் அங்கே 30 கி.மீ. வரை திட்டம் போட்டார்கள். அந்த வட்டத்தைக் கூடங்குளத்தில் வரைந்தால் கன்னியாகுமரி ஊர் உள்ளே வந்துவிடும். நம் அவசரகாலத் திட்டத்தின் 16 கி.மீ. வட்டத்தில் அது வராது.

அதனால் நமக்கு ஒரு குழு அமைத்தால் அதைத் திருநெல்வேலி மாவட்டத்தோடு நிறுத்தக் கூடாது. பிரான்ஸில் ரைன் நதிக்கரையில், 2020இல் மூடப்பட்ட ஃபெஸ்ஸன்ஹைம் உலைக்கான குழுவில் எல்லைக்கு அப்பாலிருந்து ஜெர்மானியர்களையே சேர்த்திருக்கிறார்கள். இடிந்தகரை மீனவரோடு கன்னியாகுமரிக் கவுன்சிலரும் உட்காரட்டும். கலெக்டர் தலைவராக வேண்டாம். அவசரகாலத் திட்டத்துக்குப் பொறுப்பாளரே அவர்தான், கேள்வி அவரிடமும் கேட்க வேண்டியிருக்கும்.