அறக்கட்டளைப் பத்திரம் எழுத வழக்கறிஞரைத் தேடுவோர் கவனத்திற்கு

தண்டையார்பேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திவரும் மாலை நேர இலவசப் பயிற்சி மையத்தை அறக்கட்டளையாகப் பதிவு செய்யும் பொறுப்பை, பாரிமுனையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்தோம். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம் என்று அறிந்தே அவர் 35,000 ரூபாய் கேட்டார்; கொடுத்தோம், ரசீது தரவில்லை. வரைவைக் காட்டுங்கள் என்று கேட்டபோதெல்லாம் தட்டிக்கழித்தவர், பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில்தான் ஆங்கிலத்தில் அச்சிட்ட பத்திரத்தை நீட்டி, டோக்கன் நேரம் தவறிவிடும் என்று அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்.

நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை கிடைப்பதற்காக 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி, 80ஜி பிரிவுகளின்கீழ் பதிவுகளுக்கு விண்ணப்பிக்க ஆடிட்டரிடம் சென்றபோதுதான் நடந்தது விளங்கியது. யாரோ ஒரு குடும்பத்துக்காக எழுதிய தனியார் அறக்கட்டளைப் பத்திரத்தில் பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். பொது அறக்கட்டளைகளுக்குப் பொருந்தாத 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. அறக்கட்டளை கலைக்கப்பட்டால் மீதிச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு பொது அறக்கட்டளைக்குப் போக வேண்டியிருக்க, நிறுவனரின் வாரிசுகளுக்குப் போகும் என்றிருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தன் வீட்டுக்கு எழுதிக்கொண்டார் என்ற பழி, எழுபது வயதான எங்கள் நிறுவனர் மீது விழும்படி ஆகியிருக்கிறது. இதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றிலும் பெரிய இடி, பத்திரத்தைத் திருத்தும் அதிகாரத்தை அறங்காவலர்களுக்கு அளிக்கும் பிரிவு அதில் இல்லை என்பதுதான். அந்தப் பிரிவு இருந்திருந்தால் திருத்தப் பத்திரம் பதிந்து சரிசெய்திருக்கலாம். இப்போது உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

பதிவாகிவிட்டதால் பத்திரம் சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். எழுதிக் கொடுத்தவர் இன்னார், சாட்சிகள் இன்னார் என்பதைச் சார்பதிவாளர் பார்ப்பாரே தவிர, வரிவிலக்குக்கு அது உதவுமா என்று ஆராய்வது அவர் வேலை அல்ல.

மூலப் பத்திரத்தைக் கேட்டதற்கு மேலும் 15,000 ரூபாய் கொடுத்தால்தான் தருவேன் என்றார் அந்த வழக்கறிஞர். கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருப்பதைச் சுட்டிக்காட்டிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகே திருப்பித் தந்தார்.

வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வழியில்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ், வழக்கறிஞர்களின் தொழில் ஒழுங்கைக் கண்காணிக்கும் தமிழ்நாடு பார் கவுன்சிலில் புகார் அளித்திருக்கிறோம். ரசீது இல்லாவிட்டாலும், தொகையை வங்கி வழியாகச் செலுத்தியதற்கான கணக்கு விவரத்தை அதனுடன் இணைத்திருக்கிறோம். ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் இதே முயற்சியில் இருப்பவர்கள், முழுக் கட்டணத்தைக் கொடுக்கும் முன் வரைவைக் கையில் வாங்கி, கலைப்புப் பிரிவையும் திருத்தப் பிரிவையும் ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுப் பதிவுக்கு நாள் குறியுங்கள்.