பேசித் தீர்ப்பதா, எழுதிக் கொடுப்பதா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும் தம்பதிக்கு, மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பது லேசில்லை. "ஏனுங்க, ஒண்ணு சொல்லட்டுங்களா" என்று ஆரம்பித்தால், நாலு வார்த்தைக்குள் பழைய சீர்வரிசைக் கணக்கு வந்துவிடும். ஆனாலும் பேச்சில் முகம் தெரியும். தப்பாகப் புரிந்தால் அங்கேயே திருத்தலாம். பள்ளிக் கட்டணம், வாடகை மாதிரி விஷயத்துக்கு அதுவே போதும்.

உள்ளே தங்கிய வருத்தத்துக்கு நான் கடிதத்தின் பக்கம்தான். குறுக்கே பேச ஆளில்லை. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கணவரின் டிபன் கேரியருக்கு அடியில் வைத்தார். "நீங்க எப்பவுமே" என்று தொடங்கிய வரியை அடித்துவிட்டு, "எனக்குக் கஷ்டமா இருக்குங்க" என்று மாற்றியிருந்தார். பேச்சில் அப்படி அடித்துத் திருத்த வழியேது?

அமெரிக்காவில் ஸ்லாட்சர், பென்னிபேக்கர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், காதலர்கள் 86 ஜோடி. ஜோடியில் ஒருவர் மட்டும் தினம் 20 நிமிடம், 3 நாள் எழுதினார். வேறு விஷயம் எழுதியவர்களைவிட, தங்கள் உறவைப் பற்றி எழுதியவர்களே, 3 மாதம் கழித்தும் அதிகம் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் எழுதியது துணைக்குக் கொடுக்க அல்ல, தமக்காக. அதனால் முதல் தாளைக் கொடுக்காமலே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அடி உதை நடக்கும் வீட்டில் இரண்டும் வேண்டாம், பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள்.